நாலு மணிக்குப் பேசுகிறவள்

புருஷோத்தமன் தன் பெண்டாட்டியை வாங்க, போங்க என்று கூப்பிட ஆரம்பித்ததும் முத்தியால்பேட்டையில் அந்தத் தெருவே அவனை மெச்சிக்கொண்டது. சாரத்திலிருந்து விழுந்து, மண்டையைத் திறந்து மூடி, மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த மனுஷன் எவ்வளவு தன்மையாகத் திரும்பி வந்திருக்கிறான் பாரு என்று பேசிக்கொண்டார்கள். எதிர்வீட்டு நிர்மலா தன் வீட்டுக்காரனிடம், உனக்கும் தலையில் ஒரு அடி விழுந்தால்தான் மரியாதை வரும்போல என்று சொன்னாள். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தனக்கொடியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு அவர் வாட்ச்மேன் வேலைக்குப் போனார், இவள் பதினாறு வயதில் ஊதுபத்தி கம்பெனியில் பாக்கெட் போடப் போனாள். இருபத்திரண்டில் கல்யாணம். மாப்பிள்ளை பெயிண்டர். கடற்கரைப் பக்கத்து வீதிகளில் மஞ்சளும் வெள்ளையுமாக நிற்கிற பெரிய வீடுகளில் பாதிக்கு அவன் கை பட்டிருக்கிறது. கோபக்காரன். ஒரு முறை ரசத்தில் உப்பு கூடிப்போனதற்குத் தட்டைத் தெருவில் வீசியிருக்கிறான், பிறகு தானே போய்ப் பொறுக்கி வந்திருக்கிறான். தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போதே "ஏ கொடி" என்று குரல் கொடுப்பான். எங்கடி போன, சீக்கிரம் வாடி, ஏண்டி இப்படிக் கத்துற என்று ஒரு நாளைக்கு நூறு டி போட்டுத்தான் அவனுக்குப் பேச வரும். அவளோ இருபது வருஷமும் அவனை நீங்க என்றுதான் சொல்லிவந்தாள். அப்படித்தான் எல்லா வீடும். அதில் யாருக்கும் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

போன வருஷம் சித்திரையில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒரு சொல்தா வீட்டுக்குச் சுண்ணாம்பு சுரண்டிக்கொண்டிருந்தபோது சவுக்குக் கட்டையின் கயிறு நழுவிற்று. இரண்டாம் மாடியிலிருந்து நேரே நடைபாதையில் விழுந்தான். உச்சிவெயில் நேரம். தலையின் வலப்பக்கம் உள்ளே ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். பிழைப்பதே கஷ்டம் என்றும் சொன்னார்கள். பிழைத்துவிட்டான். இடது கையும் காலும் கொஞ்சம் இழுத்துக்கொண்டன, பேச்சு மெதுவானது, அவ்வளவுதான். அவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்த நாளில் தனக்கொடி ஆரத்தி எடுத்தாள். அவன் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, கும்பிட்டு, கேட்டான்.

"நீங்க யாருங்க? என் பொண்டாட்டி வரலையா?"

மருந்தின் மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் கூட வந்த அக்கா ஆயம்மாவை அவனுக்குத் தெரிந்தது. கடலூரில் நர்ஸுக்குப் படிக்கிற மகள் கவிநிலா ஓடி வந்தபோது அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். எதிர்வீட்டு நிர்மலாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். தனக்கொடி ஒருத்தியைத்தான் தெரியவில்லை. தெரியவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. அச்சு அசல் கொடி மாதிரியே இருக்கிறார்கள், குரலும் அப்படியே இருக்கிறது, ஆனால் இவர்கள் கொடி இல்லை என்று மகளிடம் நிதானமாக விளக்கினான். அம்மாதான்ப்பா இது என்று அவள் சொன்னதற்கு, உனக்கு வித்தியாசம் தெரியவில்லை பாப்பா, பாவம் அவர்கள் எதிரில் இதைப் பேசாதே என்று அடக்கினான்.

அன்றிலிருந்து அவன் அந்த வீட்டில் விருந்தாளியாக இருந்தான். சட்டை மாற்றுவதென்றால் அவள் வெளியே போகும்வரை காத்திருப்பான். உள் அறையை அவளுக்கு விட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துக்கொள்வான். சாப்பிட்டு முடித்ததும் நல்லா இருந்துச்சுங்க என்பான். வேற்றுப் பெண்பிள்ளையிடம் தன் புருஷன் எவ்வளவு யோக்கியமாக நடந்துகொள்வான் என்பது தனக்கொடிக்கு இத்தனை வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. இதற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

தலையில் அடிபட்டவர்களுக்காக முத்தியால்பேட்டையிலேயே ஒரு மாடிக் கூடத்தில் கைத்துணை என்று ஓர் அமைப்பு நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்ட பிறகு வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கிறவர்களுக்கான இடம் அது. பைக்கில் விழுந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என்று ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் செவ்வாயும் வெள்ளியும் வருவார்கள். சீட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போய் மூன்று சாமான் வாங்கி வரவேண்டும். ஒரு கையால் பொத்தான் போடவேண்டும், சாலையைக் கடக்கவேண்டும். ஆளுக்கு ஒரு நோட்டு கொடுத்து, அன்றன்று நடந்ததை எழுதச் சொல்வார்கள். வீட்டுக்காரர்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்து மனதில் இருப்பதைப் பேசிக்கொள்ளலாம். இதையெல்லாம் பார்த்துக்கொண்டவள் தாமரைச்செல்வி. பிள்ளைச்சாவடிப் பெண், முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் வருவாள்.

அவள் முதல்முறை இவர்கள் வீட்டுக்கு வந்தபோது புருஷோத்தமன், இவங்க நல்லா கவனிச்சுக்கறாங்க, இவங்களுக்கு ரொம்ப சிரமம் என்று தனக்கொடியைக் காட்டிச் சொன்னான். செல்வி அதை அப்படியே நம்பி, கணவன் மனைவி உறவு நன்று, மிகுந்த மரியாதை என்று படிவத்தில் எழுதிக்கொண்டு போனாள். படித்த பெண்தான். ஆனால் பெண்டாட்டியை இவங்க என்று சொல்கிற ஆண்பிள்ளையைப் பார்த்தால் நம் ஊரில் எந்தப் பெண்ணுக்குத்தான் மனம் குளிராது?

மூன்றாவது வாரம் கூடத்தில் எல்லாரும் அவரவர் வீட்டில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியிருந்தது. புருஷோத்தமன் முறை வந்தது. பொண்ணு கடலூர்ல படிக்குது, என் பொண்டாட்டி எங்கயோ போயிருக்கா, இன்னும் வரல, இவங்க வீட்டோட ஒத்தாசைக்கு இருக்காங்க என்றான். போயிருக்கா என்ற சொல்லும் இருக்காங்க என்ற சொல்லும் அடுத்தடுத்து விழுந்தன. செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டு, அன்று அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தனக்கொடியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் நோட்டை வாங்கிப் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம், அந்த அம்மா மீன்குழம்பு வைத்தார்கள், அந்த அம்மா துணி துவைத்தார்கள் என்று கோணல் எழுத்தில் இருந்தது. வகுப்பு கலைந்த பிறகு அவள் தனக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் தப்பா எழுதிட்டேன்க்கா என்றாள்.

டாக்டரிடம் கேட்டு வந்து சொன்னாள். கண்ணில் பட்ட முகம் மனசுக்குள் போய்ச் சேருகிற வழியில் அடிபட்டிருக்கிறது. முகம் தெரிகிறது, ஆனால் நம் ஆள் என்ற எண்ணம் வருவதில்லை. அதனால் வேறு யாரோ என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது. அவனோடு வாதாட வேண்டாம், வாதாடினால் மிரண்டுபோவான், பொண்டாட்டின்னு நிரூபிக்க வேணாம்க்கா, பக்கத்துல இருங்க, போதும் என்றாள். தனக்கொடி தலையாட்டினாள். பக்கத்தில் இருப்பதைத் தவிர வேறு எங்கே போய்விடப்போகிறாள்?

ஆயம்மாவுக்கு இந்த வழி, மனசு கதையெல்லாம் ஏறவில்லை. எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாகக் கிராமத்திலிருந்து வந்தாள். தம்பிக்குத்தான் சுற்றிப் போடப்போகிறாள் என்று பார்த்தால், தனக்கொடியை எதிரில் உட்கார வைத்தாள்.

"சாவு வாசல் வரைக்கும் போயிட்டு வந்தவன் கண்ணுக்கு ஏதோ தெரியுது. நமக்குத்தான் தெரியல. நீ யாருன்னு நீயே ஒரு தடவ நெனச்சுப் பாரு கொடி."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை தனக்கொடியின் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. தலைவாரும்போது கண்ணாடியில் தெரிகிற முகத்தை அவள் கூடுதலாக ஒரு நிமிஷம் பார்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று மாதம் சாப்பாடு தூக்கம் இல்லாமல் கிடந்தாளே, அப்போது ஒரு கொடி அங்கேயே உட்கார்ந்துவிட, வேறு எவளோ அவள் புடவையைக் கட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாளோ என்று தோன்றியது. பட்டப்பகலில், அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது, தன் கைகளையே யாருடையவோபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மருந்துக்கடையில் கூட்டமாக இருந்தது. அவன் மாத்திரை போடவேண்டிய நேரம். ஞாபகப்படுத்தலாம் என்று கடை வாசலிலிருந்து போன் போட்டாள். எடுத்தான். மாத்திரை என்று அவள் வாயைத் திறந்ததுதான் தாமதம்.

"கொடி. எங்கடி போன இத்தனை நாளா?"

வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. தனக்கொடி அப்படியே மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் விடாமல் பேசினான். கை இழுத்துக்கொண்டதைச் சொன்னான், பாப்பா இளைத்துப்போனதைச் சொன்னான், ஏண்டி பேச மாட்டேங்குற என்று அதட்டினான். பேச வேண்டுமே என்பதற்காக, பிள்ளைச்சாவடியில் சித்தி வீட்டில் இருக்கிறேன் என்று அவள் ஒரு பொய் சொன்னாள். பிறகு மருந்தும் வாங்காமல் வீட்டுக்கு ஓடினாள். அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தான்.

"வாங்க, உக்காருங்க. என் பொண்டாட்டி பேசினா," என்றான் அவளிடம்.

காதிலிருந்து மனசுக்குப் போகிற வழி அடிபடாமல் இருந்தது. முகம் குறுக்கே வராதவரை அவள் அவனுக்குக் கொடிதான். இதைச் செல்வியிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. பசித்தவள் கையில் கிடைத்ததை மறைத்து வைத்துத் தின்பதுபோல இதைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். தினமும் நாலு மணிக்கு, துணி காய வைத்திருக்கிறேன் என்று மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து போன் போடுவாள். அவன் டி போட்டுப் பேசுவான், திட்டுவான், பழைய சண்டைகளைக் கிளறுவான். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்தக் கால் மணி நேரம்தான் அவள் உயிரோடு இருந்தாள் என்று சொல்லவேண்டும்.

கீழே இறங்கி வந்தால் அவன் அந்தக் கொடியைப் பற்றி இவளிடம் பெருமை பேசுவான். அவ மாதிரி ஒருத்தி கிடைக்கமாட்டா, வாய்தான் கொஞ்சம் நீளம் என்பான். சோற்றைப் பரிமாறியபடி கேட்டுக்கொண்டு நிற்பவளுக்கு வயிறு எரியும். எவள் மேல் எரிகிறது என்று யோசித்தால் தலை சுற்றும். மாடியில் இருப்பவள் அவன் பெண்டாட்டி, கீழே இருப்பவள் வேலைக்காரி. இரண்டு பேருக்கும் ஒரே புடவை. நாள் ஆக ஆக, போனில் பேசுகிறவள்தான் நிஜம், தான் அவளுடைய ஆவி என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. எப்ப வருவ, எப்ப வருவ என்று அவன் நச்சரிக்கத் தொடங்கினான். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு காலையிலேயே வாசலில் நிற்பான். ஒரு புதன்கிழமை அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். இழுத்த காலோடு பெண்டாட்டியைத் தேடி வடக்கே போகக் கிளம்பி, வழி தவறிக் குருசுக்குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய், பிள்ளைச்சாவடிக்கு எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறான். சட்டைப் பையிலிருந்த நோட்டில் செல்வியின் எண் இருந்ததால் அவளைக் கூப்பிட்டார்கள். யாரைத் தேடிப் போனீங்க அண்ணே என்று செல்வி கேட்டதற்கு, நாலு மணிக்குப் பேசுகிறவளை என்றான்.

தனக்கொடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். செல்வி கோபித்துக்கொள்ளவில்லை, யோசித்தாள். குரலையும் முகத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கலாமே என்று டாக்டரும் சொன்னாராம். வெள்ளிக்கிழமை கூடத்தில் அவனை உட்கார வைத்துவிட்டு, தனக்கொடியைக் கீழே தெருவிலிருந்து போன் போடச் சொன்னாள். பேசிக்கொண்டே படியேறி, பேசிக்கொண்டே அவன் எதிரில் வந்து நிற்கவேண்டும்.

எங்கடி இருக்க என்று கேட்டான். படி ஏறி வந்துகிட்டிருக்கேன் என்றாள். அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டான். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை வாசலில் நின்று தனக்கொடி முழுசாகப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு அவள் தோளுக்குப் பின்னால், படிப்பக்கம் எட்டிப் பார்த்தான்.

"நான்தாங்க," என்றாள் அவள், போனை இறக்காமல்.

அவன் காதிலும் கூடத்திலும் அந்தக் குரல் ஒரே சமயத்தில் கேட்டது. அவன் முகம் வெளுத்துப்போயிற்று. ஒரு அடி பின்வாங்கினான்.

"அவ போனு உங்க கையில எப்படி வந்துச்சு? அவள என்ன பண்ணீங்க?"

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் அவன் அவள் சமைத்ததைத் தொடவில்லை. நிர்மலா வீட்டிலிருந்து வந்த சோற்றைச் சுவரோரம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் கூடத்துக்குள் வந்தால் கண்ணை அவள் கைமேலேயே வைத்திருப்பான். நாலு மணிக்குப் போன் போடவும் அவளுக்குத் துணிவு வரவில்லை. இதுவரை யாரோ ஒரு நல்ல பெண்மணியாக இருந்தவள் இப்போது தன் கொடியை எங்கோ புதைத்துவிட்டு வந்தவள் ஆகிவிட்டாள். செல்வி தினமும் வந்து இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள், அவனோடு காய் நறுக்கினாள், வெறுமனே எதையாவது பேசிக்கொண்டிருந்தாள். பதிமூன்றாம் நாள் அவன் தானாகவே தட்டை எடுத்து வந்து, கொஞ்சம் சோறு போடுங்க என்றான். தனக்கொடி சோற்றுச் சட்டியையே தூக்கி வந்து அவன் எதிரில் வைத்தாள்.

அன்று செல்வி அவளைத் தனியாக அழைத்துச் சொன்னாள். அந்த யோசனை தன் தப்பு என்றாள். பிறகு, அந்த போன் பேச்சை இனி அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்றாள். போனில் ஒருத்தி கூப்பிடுகிறவரை அவன் அவளைத்தான் தேடுவான், எதிரில் நிற்பவளை ஒரு நாளும் பார்க்கமாட்டான்.

தனக்கொடிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அவரு என்ன கொடின்னு கூப்புடுற ஒரே இடம் அதாம்மா. அதையும் விட்டுட்டா நான் யாரு?"

 செல்வி படித்த படிப்பில் இதற்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நீங்க ரெண்டு பேரா இருக்க முடியாதுக்கா, உங்க உடம்பு தாங்காது என்று மட்டும் சொன்னாள்.

தனக்கொடி இரண்டு நாள் யோசித்தாள். அந்தக் குரலை விட்டுவிட்டால், இனி ஆயுசுக்கும் அவனுக்கு அவள் அந்த அம்மாதான். ஒரு வேளை அவன் தேறலாம், தேறாமலும் போகலாம். விடாவிட்டால் ஒரு நாள் அவன் மறுபடி தெருவில் இறங்கி, இல்லாத ஒருத்தியைத் தேடிக்கொண்டு போய் லாரியில் அடிபடுவான். மூன்றாம் நாள் முகம் கழுவிக்கொண்டு மாடி ஏறினாள். சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நான் இனிமேல் கூப்பிடமாட்டேன், என்னைத் தேடாதீங்க. அவ்வளவுதான், ஐந்தே வார்த்தை. மணி நாலு. போன் போட்டாள்.

"கொடி. எத்தனை நாளாச்சு. உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்டி."

ஒன்றும் ஆகவில்லை என்றாள். மனப்பாடம் செய்ததைச் சொல்ல மூச்சை இழுத்தாள். அதற்குள் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒன்னு சொல்றேன், கோச்சிக்கக் கூடாது. நீ இப்ப வர வேணாம்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இங்க அந்த அம்மா இருக்காங்க இல்ல. உன்ன என்னவோ பண்ணிட்டாங்கன்னு நெனச்சுத் தப்பாப் பேசிட்டேன். அவங்க ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல. நேத்து அரிசி களையும்போது அழுவுறாங்க, நான் பாக்கறது தெரியாம. அவங்களுக்கு யாரும் இல்ல போலருக்கு கொடி. இருந்தா இத்தனை நாள்ல யாராவது தேடிக்கிட்டு வந்திருப்பாங்க இல்ல."

டேங்க்கின் சூடான சிமெண்டில் தனக்கொடி முதுகைச் சாய்த்துக்கொண்டாள். கண்ணீர் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நீ வந்துட்டா அவங்க எங்க போவாங்க? நீ எங்க இருந்தாலும் பொழச்சுக்குவ. அவங்க அப்படி இல்ல. என்ன சொல்ற?"

"சரிங்க," என்றாள். "நான் வரல."

"கோவமா?"

"இல்ல. அவங்கள நல்லா பாத்துக்குங்க."

"பாத்துக்கறேன்," என்றான் அவன். "அவங்க மாடியில இருந்து வர்ற நேரமாச்சு. வெச்சுடறேன்."

வைத்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, அவன் பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்ட பெண் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.